போக்கிமான் கார்டு வாங்கி விற்றால் காசு வருமா? 8,000 ரூபாய் கணக்கு



"ப்ரோ, போக்கிமான் கார்டு ஆன்லைன்ல ரீசெல் பண்ணா நல்ல காசாமே, உண்மையா?" இந்தக் கேள்வி நம்ம சேனலுக்குத் திரும்பத் திரும்ப வருது. கேட்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்க. கையில் கொஞ்சம் சேமிப்பு, சனி ஞாயிறு லீவு, சின்ன வயசுல ட்ரம்ப் கார்டு சேர்த்த ஞாபகம். இந்த மூணும் சேர்ந்தா ஆசை வரத்தான் செய்யும்.

வீடியோவில் இந்தக் கணக்கை வேகமா சொல்லிட்டுப் போயிட்டோம். இங்க பேப்பர் பேனாவோட நிதானமா பார்ப்போம். செய்யலாமா வேண்டாமா என்பதைக் கடைசியில் நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

ஒரே கார்டு, மூணு விதமான வேலை

கார்டு பிசினஸ்னு பொதுவா சொல்றதுல மூணு வேற வேற விஷயம் கலந்து கிடக்கு.

ஒண்ணு, பேக் பிரிக்கிறது. சீல் உடைக்காத பூஸ்டர் பேக்கை வாங்கி, உள்ளே அரிய கார்டு வந்தா விற்கிறது. இது லாட்டரி.

ரெண்டு, பிரிக்காம வைக்கிறது. பெட்டியாவோ தனிக் கார்டாவோ வாங்கி அலமாரியில் வெச்சுட்டு, விலை ஏறட்டும்னு வருஷக்கணக்கா காத்திருக்கிறது. இது ஊக முதலீடு.

மூணு, குறைஞ்ச விலைக்கு வாங்கி, தரம் பிரிச்சு, படம் எடுத்து, சரியான ஆளைப் பிடிச்சு, பத்திரமா அனுப்பி, வித்தியாசத்தைச் சம்பாதிக்கிறது. இது மட்டும்தான் வியாபாரம்.

காசை இழக்கிறவங்க பெரும்பாலும் மூணாவதைச் செய்யறதா நினைச்சுக்கிட்டு முதலாவதையோ ரெண்டாவதையோ செய்யறவங்கதான்.

பேக் பிரிக்கிறதுல ஏன் காசு நிக்காது? ஒரு செட்டில் பேக் விலையை விட உள்ளே இருக்கிற கார்டுகளின் சராசரி மதிப்பு அதிகம்னு வெச்சுக்கோங்க. உடனே எல்லாரும் வாங்கிப் பிரிப்பாங்க. மார்க்கெட்டில் அந்தக் கார்டுகள் குவியும், விலை இறங்கும். சராசரி மதிப்பு பேக் விலைக்குக் கீழே வர்ற வரைக்கும் இது நடக்கும். இதுக்கு மேல நம்ம ஊர்ல ஒரு பேக் கைக்கு வர்றதுக்குள்ள சுங்க வரி, விநியோகஸ்தர் லாபம், கடைக்காரர் லாபம்னு எல்லாம் ஏறியிருக்கும். யூடியூப்ல ஒருத்தர் பேக் பிரிச்சு அரிய கார்டு எடுத்தா, அவருக்கு வருமானம் வர்றது வீடியோவில் இருந்து. அந்த வருமானம் உங்களுக்குக் கிடையாது.

கோடியில் போன கார்டும் குப்பையில் போன கார்டும்

லோகன் பால் 2021-ல் ஒரு பிகாச்சு இல்லஸ்ட்ரேட்டர் கார்டை 52.75 லட்சம் டாலருக்கு வாங்கினார். இதை எல்லா வீடியோவிலும் காட்டுவாங்க. அந்தக் கார்டு 1990-களின் இறுதியில் ஜப்பானில் கோரோகோரோ இதழ் நடத்திய ஓவியப் போட்டிகளில் பரிசாகக் கொடுத்தது. உலகத்திலேயே 40 சொச்சம் பிரதிகள்தான். அவர் வாங்கினது அதுல பிஎஸ்ஏ நிறுவனம் பத்துக்குப் பத்து தரம் கொடுத்த கார்டு. கடையில் கிடைக்கிற பேக்கில் அது வராது.

இப்போ இன்னொரு பக்கம். 1996-ல் ஜப்பானில் தொடங்கிய போக்கிமான் கார்டு விளையாட்டில், 2025 மார்ச் வரை 7,500 கோடி கார்டுகள் அச்சாகியிருக்கு. 2023-24-ல் மட்டும் சுமார் 1,190 கோடி. 2025 ஜனவரியில் பிரிஸ்மாடிக் எவல்யூஷன்ஸ் செட் கிடைக்காம எல்லாரும் அடிச்சுக்கிட்டப்போ, கம்பெனி என்ன சொன்னது? மறுபடியும் அச்சடிக்கிறோம்னு சொன்னது. தட்டுப்பாட்டை நம்பி ஏறின விலைக்கு வாங்குறவங்க இதை மறக்கக் கூடாது. அச்சு எந்திரம் கம்பெனி கையில் இருக்கு.

அமெரிக்காவில் 1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் பேஸ்பால் கார்டுக்கு இதே கதை நடந்தது. பழைய கார்டுகள் நல்ல விலைக்குப் போறதைப் பார்த்து, எல்லாரும் புதுக் கார்டுகளைப் பெட்டி பெட்டியா சேர்த்தாங்க. கம்பெனிகளும் அடிச்சுத் தள்ளின. எல்லார் வீட்டுப் பரணிலும் இருந்தா அது எப்படி அரிய பொருளாகும்? அந்தக் காலக் கார்டுகள்ல பெரும்பாலானவை இன்னைக்கும் சல்லிக்காசு பெறாது.

அதனால ரெண்டாவது வழி, அதாவது வாங்கி வெச்சுக் காத்திருக்கிறது, உங்க எஸ்ஐபி-க்கு மாற்று கிடையாது. வட்டி இல்லை, டிவிடெண்ட் இல்லை, அவசரத்துக்கு உடனே காசாக்கவும் முடியாது.

இப்போ அந்த 8,000 ரூபாய் கணக்கு

மூணாவது வழியை எடுத்துக்குவோம். இந்த ஹாபியை விடுற ஒருத்தர் 200 கார்டுகளை மொத்தமா 8,000 ரூபாய்க்குத் தர்றார். இது நான் கணக்குக்காக எடுத்துக்கிட்ட உதாரணம். நீங்க உங்க எண்களைப் போட்டுக்கலாம்.

தரம் பிரிச்சா இப்படி வருது:

- நல்ல கார்டு 10, சராசரி 700 ரூபாய்: 7,000
- நடுத்தரக் கார்டு 30, சராசரி 150 ரூபாய்: 4,500
- சாதாக் கார்டு 160, தலா 3 ரூபாய்: 480

மொத்தம் 11,980. ஆஹா, 8,000 போட்டு 3,980 லாபம், கிட்டத்தட்ட 50 சதவீதம்! இந்த இடத்தில்தான் நிறைய பேர் கணக்கை நிறுத்திடுறாங்க.

நாம தொடருவோம். வாங்குறவர் பேரம் பேசுவார், 10 சதவீதம் குறையும். எல்லாமும் உடனே விற்காது. ரெண்டு மாசத்தில் நல்ல கார்டு 8, நடுத்தரக் கார்டு 18 போகுதுன்னு வைங்க. சாதாக் கார்டுகளை ஒரே கட்டா 400 ரூபாய்க்குத் தள்ளிவிடுறீங்க.

- 8 கார்டு × 630 = 5,040
- 18 கார்டு × 135 = 2,430
- சாதாக் கட்டு = 400

வந்தது 7,870. இதுக்கு 16 பார்சல் போட்டிருப்பீங்க. தபால் செலவை வாங்குறவரே கொடுத்தாலும், ஸ்லீவ், டாப்லோடர், அட்டை, கவர், டேப்னு பார்சலுக்கு 25 ரூபாய் உங்க கையில் இருந்து போகும். 400 போக மீதி 7,470.

அதாவது ரெண்டு மாசம் உழைச்ச பிறகும் போட்ட முதலில் 530 ரூபாய் இன்னும் திரும்பலை! லாபம் எங்கே? விற்காம மிஞ்சின 14 கார்டுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. அதுவும் ஒருநாள் முழுசா விற்றா 2,880 வரும். இன்னொரு 8 பார்சல், 200 ரூபாய் செலவு போனா 2,680. ஆக மொத்த வரவு 10,150, உண்மையான லாபம் 2,150.

நேரத்தையும் எழுதுங்க. தரம் பிரிச்சு விலை பார்க்க 4 மணி நேரம், படம் எடுத்துப் பதிவு போட 5, "லாஸ்ட் பிரைஸ் என்ன ப்ரோ"ங்கிற மெசேஜுக்குப் பதில் சொல்ல 8, 24 பார்சலைப் பேக் பண்ணி அனுப்ப தலா 20 நிமிஷம் வீதம் 8. மொத்தம் 25 மணி நேரம். மணிக்கு 86 ரூபாய்.

இதுல ஆன்லைன் தளத்தின் கமிஷன் இன்னும் வரலை. 10 சதவீதம் கமிஷன் எடுக்கிற தளத்தில் எல்லாத்தையும் விற்றா, 10,750 ரூபாய் விற்பனைக்கு 1,075 ரூபாய் போகும். கேட்கச் சின்னதா தெரியிற 10 சதவீதம், உங்க லாபத்தில் சரிபாதி. கமிஷன் விற்பனை மேல போடப்படுது, லாபத்து மேல இல்லை. இதை எந்த வியாபாரத்திலும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

அப்போ லாபம் எங்கேதான் இருக்கு?

அதே கட்டை 8,000-க்குப் பதிலா 6,000-க்கு வாங்கியிருந்தா? லாபம் 4,150. மணிக்கு 166 ரூபாய். விற்பனையில் ஒரு ரூபாய்கூட ஏத்தலை, ஆனாலும் லாபம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

அடுத்து, தனித்தனியா விற்காம "5 கார்டு சேர்த்து வாங்கினா தபால் இலவசம்"ங்கிற மாதிரி கட்டா விற்கப் பழகுங்க. தபால் செலவை ஈடுகட்டுற மாதிரி கட்டு விலையை வெச்சுக்கோங்க. 24 பார்சல் 14 ஆச்சுன்னா 250 ரூபாய் மிச்சம், மூணே கால் மணி நேரத்துக்கு மேல மிச்சம். லாபம் 4,400, மணிக்கு 200 ரூபாய் பக்கம் வருது.

வாங்கும்போது கிடைக்கிற லாபம்தான் லாபம். விற்கும்போது அது கைக்கு வருது, அவ்வளவுதான். அதனால விலை பார்க்கிற விதம் ரொம்ப முக்கியம். ஒருத்தர் 3,000 ரூபாய்னு பதிவு போட்டிருந்தா அது அவரோட ஆசை. என்ன விலைக்கு விற்றுப்போச்சு என்பதுதான் விலை. ஈபேயில் விற்று முடிஞ்சவற்றை மட்டும் காட்டுற வடிகட்டி இருக்கு. அமெரிக்க விலைக்கு டிசிஜிபிளேயர், ஐரோப்பிய விலைக்கு கார்ட்மார்க்கெட் பார்க்கலாம். ஆனா டாலரை ரூபாயா மாத்தி அப்படியே எழுதிடாதீங்க. நம்ம ஊர்ல வாங்குறவங்க எண்ணிக்கை குறைவு. கலெக்டர் குழுக்களில் உண்மையில் என்ன விலைக்குக் கை மாறுதுன்னு ஒரு மாசம் சும்மா கவனிச்சு எழுதுங்க. அந்த ஒரு மாசத்தில் ஒரு ரூபாய்கூடப் போடாதீங்க.

பிஎஸ்ஏ மாதிரி நிறுவனத்துக்கு அனுப்பித் தரச் சான்று வாங்கினா விலை கூடுமே? கூடலாம். ஆனா அமெரிக்காவுக்குப் போய் வர்ற செலவு, கட்டணம், இன்சூரன்ஸ், மாசக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் இருக்கு. 10 வரும்னு நினைச்ச கார்டுக்கு 9 வந்தா, பல கார்டுகளில் செலவே திரும்பாது. தொடக்கத்தில் அந்தப் பக்கம் போகாதீங்க.

போலியும் ஏமாற்றும்

பொம்மைக் கடையிலும் எக்ஸிபிஷனிலும் தங்க நிறத்தில் பளபளன்னு பிளாஸ்டிக் போக்கிமான் கார்டு கட்டு விற்கிறாங்களே, அதெல்லாம் அசல் கிடையாது. போலின்னு தெரிஞ்சே அசல்னு விற்றா அது குற்றம். தெரியாம விற்றாலும் உங்க பேர் போச்சு.

அசல் கார்டின் ஓரத்தை உத்துப் பார்த்தா, நடுவுல மெல்லிய கருப்புப் படலம் கோடு மாதிரி தெரியும். பின்பக்க நீலம், எழுத்தின் கனம், மேற்பரப்பின் சொரசொரப்பு, எல்லாத்தையும் உறுதியா அசல்னு தெரிஞ்ச ஒரு சாதாக் கார்டோட ஒப்பிடுங்க. அந்தச் சாதாக் கார்டை எப்பவும் கையில் வெச்சிருங்க. சீல் பண்ணின பேக்கையும் அப்படியே நம்ப முடியாது. பிரிச்சு, நல்லதை எடுத்துட்டு, மறுபடி ஒட்டி விற்கிறதும் நடக்குது.

காசு விஷயத்தில், பணம் அனுப்பினதா வர்ற ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்க. உங்க பேங்க் ஆப்பில் வரவு தெரிஞ்ச பிறகுதான் பார்சல். கேஷ் ஆன் டெலிவரி வேண்டவே வேண்டாம். வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினா, ரெண்டு பக்கக் கூரியர் செலவும் உங்க தலையில். பேக் பண்றதை வீடியோ எடுத்து வைங்க. "பார்சல் பிரிக்கிற வீடியோ இருந்தா மட்டும்தான் புகார் ஏற்கப்படும்"னு பதிவிலேயே எழுதிடுங்க.

இன்னொண்ணு, நம்ம கடலோர ஊர்களின் ஈரப்பதம். பளபளப்பான ஃபாயில் கார்டுகள் ஈரக்காத்து பட்டா வில்லு மாதிரி வளையும். காத்துப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பை போட்டு வைங்க. வளைஞ்ச கார்டை "புத்தம் புதுசு"ன்னு விற்க முடியாது. நுனி தேய்ஞ்சிருந்தா தேய்ஞ்சிருக்குன்னு படத்தோட சொல்லிடுங்க. கொஞ்சம் விலை குறைஞ்சாலும் அந்த ஆள் திரும்ப வருவார்.

ஜிஎஸ்டி, வருமான வரி: தள்ளிப் போடாதீங்க

"40 லட்சத்துக்குக் கீழ ஜிஎஸ்டி வேண்டாம்தானே?" பாதி உண்மை. தமிழ்நாட்டுக்குள்ளேயே, நேரடியா, பொருள் மட்டும் விற்றா அந்த 40 லட்ச வரம்பு பொருந்தும். சென்னையில் இருந்து மும்பைக்கோ பெங்களூருக்கோ பொருள் விற்றா, தொகை எவ்வளவு சின்னதா இருந்தாலும் பதிவு கட்டாயம். இன்ஸ்டாகிராமில் விற்கிறவங்க பலர் இதைக் கண்டுக்கிறதே இல்லை. விதி அதுக்காக மாறாது.

ஆன்லைன் விற்பனைத் தளம் வழியா விற்றாலும் பொதுவா பதிவு வேணும். மாநிலத்துக்குள் மட்டும் விற்கிற சிறு வியாபாரிகளுக்கு 2023 அக்டோபர் 1 முதல் ஒரு தளர்வு இருக்கு. ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு பதிவு எண் மட்டும் வாங்கிக்கிட்டு விற்கலாம். முழு ஜிஎஸ்டி பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனா விற்பனையே இல்லாட்டியும் ரிட்டர்ன் தாக்கல் பண்ணணும், தவறினா தாமதக் கட்டணம். வாடகை வீட்டு முகவரியில் எடுக்கிறதா இருந்தா ஹவுஸ் ஓனர்கிட்ட முன்கூட்டியே பேசிடுங்க.

பதிவு எடுத்தவங்களுக்கு ஒரு நல்ல விஷயம்: பயன்படுத்தின பொருளை வாங்கி விற்கிறவங்க, வாங்கும்போது உள்ளீட்டு வரி வரவு எடுக்கலைன்னா, வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் ஜிஎஸ்டி கட்டலாம். இது உங்களுக்குப் பொருந்துமா, எந்த விகிதம்னு ஒரு ஆடிட்டர்கிட்ட ஒருமுறை கேளுங்க. அந்த ஃபீஸ் வீண் செலவு இல்லை.

வருமான வரியில் இது வியாபார வருமானம். ஐடிஆர்-1 போட முடியாது. 44ஏடி-ன்னு நமக்குப் பழகின உத்தேச வருமான முறையில், பேங்க் வழியாவும் யூபிஐ-யிலும் வந்த விற்பனையில் குறைஞ்சது 6 சதவீதத்தை லாபமா காட்டணும். உண்மை லாபம் அதைவிட அதிகம்னா அதைக் காட்டுங்க. சம்பளத்தோட இதைச் சேர்த்து ஐடிஆர்-4 போடலாம். ஷார்ட் டெர்ம் கேபிடல் கெயின் போன்றவை இருந்தா ஐடிஆர்-3. பழைய வரி முறையில் இருக்கிறவங்க கூடுதலா கவனிங்க: சம்பளம் மட்டும் வாங்குறவர் வருஷா வருஷம் பழசு, புதுசுன்னு மாத்திக்கலாம். வியாபார வருமானம் வந்துட்டா அந்தச் சுதந்திரம் போயிடும். 2,000 ரூபாய் லாபத்துக்காக வீட்டுக் கடன் சலுகையில் கை வெச்சுடக் கூடாது.

கூடவே ஆஃபர் லெட்டரை எடுத்து, வேற தொழில் செய்ய அனுமதி கேட்கணுமான்னு படிச்சுடுங்க. 2022-ல் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததா 300 பேரை நீக்கினது நினைவிருக்கும். கார்டு விற்கிறது போட்டி நிறுவன வேலை இல்லைதான். ஆனா சில ஒப்பந்தங்களில் எந்தத் தொழிலுக்கும் முன் அனுமதி கேட்டிருப்பாங்க.

90 நாள் சோதனை

இவ்வளவு படிச்ச பிறகும் ஆர்வம் இருந்தா, இப்படி இறங்குங்க.

1. முதல் 10,000 ரூபாய்க்கு மேல வேண்டாம். அது முழுசா போனாலும் இந்த மாச வாடகையும் இஎம்ஐ-யும் தடுமாறக் கூடாது. அவசர நிதியைத் தொடாதீங்க. கிரெடிட் கார்டில் சரக்கு எடுக்காதீங்க. நிலுவைக்கு மாசம் 3.5 சதவீதம் அளவுக்கு வட்டி ஓடும்போது, ரெண்டு மாசம் தேங்கின சரக்கு லாபத்தைத் தின்னுடும்.

2. தனி சேமிப்புக் கணக்கு ஒண்ணு வெச்சுக்கோங்க. வரவும் செலவும் அதுல மட்டும்.

3. ஒரு ஷீட்டில் வாங்கின தேதி, விலை, விற்ற தேதி, கைக்கு வந்த தொகை, பேக்கிங் செலவு, செலவான நேரம், இந்த ஆறையும் எழுதுங்க.

4. ரெண்டு மாசம் விற்காத கார்டை விலை குறைச்சுத் தள்ளுங்க. "இது ஏறும்"னு ஒதுக்கி வெச்சா நீங்க வியாபாரத்தில் இருந்து ஊக முதலீட்டுக்கு மாறிட்டீங்கன்னு அர்த்தம்.

5. 90-வது நாள் பாருங்க. போட்ட முதல் காசாத் திரும்பியிருக்கா? மணிக்கு எவ்வளவு வந்திருக்கு? முதலே திரும்பலைன்னா அடுத்த கட்டு வாங்காதீங்க, இருக்கிறதை விற்று வெளியே வாங்க.

மணிக்கு 200 ரூபாய் வந்தா அது நல்லதா கெட்டதா? கார்டு பிடிச்சவருக்கு, பொழுதுபோக்கு தன் செலவைத் தானே பார்த்துக்குது. வாங்குறது, விலை போடுறது, பேரம், கணக்கு எல்லாம் சின்னத் தொகையில் கத்துக்கலாம். கார்டு மேல ஆர்வமே இல்லாம காசுக்காக மட்டும் வர்றவர், அதே 25 மணி நேரத்தை வேலைக்கு உதவுற ஒரு திறமையில் போட்டா அடுத்த சம்பள உயர்வில் கூடுதலா கிடைக்கும்.

மேல இருக்கிற 8,000 ரூபாய் கணக்கில் உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. மணிக்கு எவ்வளவு வருதுன்னு கமெண்டில் சொல்லுங்க. விடை 100-க்குக் கீழ வந்தா, முதல் கட்டு வாங்குறதுக்கு முன்னாடியே பேரத்தை இன்னும் இறுக்கிப் பிடிங்க!